ஜகார்த்தா 1962: இடம் மாறி நின்ற இருவர்

"மைதான்" படம் ஓடிடியில் வந்த சமயம். ஆபீஸில் என்னைவிட ரொம்பச் சின்னவரான ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இதெல்லாம் நிஜமாவே நடந்ததா, இல்ல சினிமாவுக்காக ஊதிவிடுறாங்களா? நாம ஃபுட்பால்ல கொரியாவை ஜெயிச்சோமா?"

நடந்தது. 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா, நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்து இறுதி ஆட்டம். இந்தியா 2, தென்கொரியா 1. தங்கப் பதக்கம். ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்துக்கு வாங்கிய கடைசித் தங்கமும் அதுதான்.

ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. நடந்த ஒரு விஷயத்தை, அதுவும் தங்கப் பதக்கம் வாங்கிய விஷயத்தை, அறுபது வருஷத்துக்குள் ஒரு தலைமுறை "நிஜமா?" என்று கேட்கும் நிலைக்கு நாம் எப்படி வந்தோம்? அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் "ஒரு லட்சம் பேர் எதிர்த்துக் கூச்சல் போட, தலையில் கட்டோடு ஆடி ஜெயித்தார்கள்" என்று வீர வசனமாக முடித்துவிடுகிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் வீரத்தை மட்டும் சொன்னால், கேட்பவருக்கு அது அதிசயமாகத்தான் தெரியும். அதிசயத்தை யாரும் நம்ப மாட்டார்கள், யாரும் திரும்பச் செய்யவும் முயல மாட்டார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். ஒன்பது நாள் முன்னால் இதே கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி, எதை மாற்றி 2-1 என்று ஜெயித்தது?

முதலில் எண்கள்

எனக்கு எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். அந்தப் போட்டியில் கால்பந்தில் எட்டு நாடுகள், இரண்டு பிரிவுகள். இந்தியா இருந்த பிரிவில் தென்கொரியா, ஜப்பான், தாய்லாந்து. இன்னொரு பிரிவில் மலாயா, தென் வியட்நாம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ். இந்தியாவின் ஆட்டங்கள் இவை:

ஆகஸ்ட் 26: தென்கொரியாவிடம் 0-2 தோல்வி.
ஆகஸ்ட் 28: தாய்லாந்தை 4-1 என வென்றது. பி.கே. பானர்ஜி 2, சுனி கோஸ்வாமி 1, பலராம் 1.
ஆகஸ்ட் 29: ஜப்பானை 2-0 என வென்றது. பி.கே. 1, பலராம் 1.
செப்டம்பர் 1, அரையிறுதி: தென் வியட்நாமை 3-2 என வென்றது. சுனி 2, ஜர்னைல் சிங் 1.
செப்டம்பர் 4, இறுதி: தென்கொரியாவை 2-1 என வென்றது. பி.கே. 1, ஜர்னைல் 1.

பத்து நாளில் ஐந்து ஆட்டம். போட்டது 11 கோல், வாங்கியது 6. இதில் பி.கே. நான்கு, சுனி மூன்று, பலராம் இரண்டு, ஜர்னைல் இரண்டு.

கடைசிப் பெயரைக் கவனியுங்க. ஜர்னைல் சிங் கோல் போடுகிற ஆள் கிடையாது. அவர் தடுப்பாட்டக்காரர். அந்தக் காலத்து இந்தியாவில், ஏன் ஆசியாவிலேயே, பெயர் பெற்ற நடுத் தடுப்பாளர். முதல் மூன்று ஆட்டத்தில் அவர் பெயருக்கு நேராகக் கோல் இல்லை. கடைசி இரண்டு ஆட்டத்திலும் இருக்கிறது. கதையே அங்கேதான்.

எதிரே நின்றவர்கள் யார்?

அதற்கு முன்னால் கொரியாவைப் பற்றி இரண்டு வரி. 1956இல் தொடங்கிய ஆசியக் கோப்பையின் முதல் இரண்டு பட்டங்களும், அதாவது 1956, 1960 இரண்டுமே, தென்கொரியாவுக்குத்தான். 1954 உலகக் கோப்பையிலும் ஆடியிருந்தார்கள். ஜகார்த்தாவில் தங்கள் பிரிவில் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்து, அரையிறுதியில் மலாயாவை 2-1 என்று தாண்டி இறுதிக்கு வந்தவர்கள். "அப்போ கொரியா சின்ன டீம், அதான் ஜெயிச்சோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அன்றைக்கு ஆசியாவில் பட்டம் வைத்திருந்த அணி அதுதான்.

இந்தியாவும் லேசுப்பட்ட அணி அல்ல. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம். அதில் நெவில் டிசோசா ஹாட்ரிக். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் 1-1 டிரா, ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோல்வி. அதே ரோமில் பெருவுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல் நம்ம தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ் போட்டது. ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றுவரை அதுதான்.

ஆக, 1951 தொடங்கி 1962 வரை ஒரு நேர்கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின் பெயர் சையத் அப்துல் ரஹீம்.

ரஹீம் சாப்

ஹைதராபாத்காரர். தொழில் ஆசிரியர். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியாளர். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வாங்கியது. பம்பாயில் நடந்துவந்த போட்டி அது. நாட்டின் மூத்த கோப்பைகளில் ஒன்று.

ரஹீமைப் பற்றிப் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது கோப்பைகள் அல்ல, ஹைதராபாத்தில் அவர் பையன்களுக்கு நடத்திய விசித்திரமான போட்டிகள். ஒன்றில், பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, வந்தவுடன் தட்டிவிட வேண்டும். இன்னொன்றில், வராத காலால் மட்டும்தான் உதைக்கலாம். வலது கால்காரன் இடது காலால், இடது கால்காரன் வலது காலால். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்க, அந்தப் பையன் பெரியவனானதும் அவனை மைதானத்தில் எந்தப் பக்கம் நிறுத்தினாலும் முழிக்க மாட்டான்.

நான் இருபது வருஷமாக சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். ஒரு டீமில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரிந்த வேலை என்று ஒன்று இருந்தால், அந்த ஆள் லீவு போடும் அன்றைக்குத்தான் சர்வர் படுக்கும். இது எங்க தொழிலில் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொள்வது. ரஹீம் அதைப் புல்தரையில் புரிந்துவைத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1962இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய். அந்த உடம்போடுதான் அணியை ஜகார்த்தாவுக்குக் கூட்டிப்போனார்.

தைத்த தலையும் ஒரு முடிவும்

முதல் ஆட்டத்தில் கொரியாவிடம் தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் தாய்லாந்தை வென்றார்கள், ஆனால் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி. தையல் போட வேண்டியதாயிற்று. அடுத்த நாளே ஜப்பானுடன் ஆட்டம். அவர் இல்லாமல் ஆடி, 2-0 என்று ஜெயித்தார்கள்.

இப்போது ரஹீமின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்க. அரையிறுதி வருகிறது. உங்கள் முதன்மைத் தடுப்பாளர் தலையில் தையலோடு இருக்கிறார். தடுப்பாளரின் வேலை என்ன? உயரமாக வரும் பந்தை எல்லாம் தலையால் முட்டித் தள்ளுவது. அதுவும் எதிராளி ஓடிவந்து மோதும்போது. ஆட்டம் முழுக்க அதுதான் வேலை. தையல் போட்ட தலையோடு அதைச் செய்ய முடியாது. காயம் பட்டால் நடுவில் ஆளை மாற்றிக்கொள்ளும் வசதியும் அப்போது கிடையாது. உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரர் வந்தது 1970இல்தான். இறக்கினால் கடைசி வரை அவர்தான்.

சாதாரணமாக இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, அவரை உட்காரவைப்பது. இரண்டு, நடப்பது நடக்கட்டும் என்று பழைய இடத்திலேயே இறக்குவது.

ரஹீம் மூன்றாவது வழியை எடுத்தார். ஜர்னைலைத் தடுப்பிலிருந்து எடுத்து, சென்டர் ஃபார்வர்டாக, எதிரி கோலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பின்னால் அவர் விட்ட இடத்துக்கு அருண் கோஷ்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தடுப்பாளர் மோதலைத் தேர்ந்தெடுக்க முடியாது, பந்து வந்தால் போய்த்தான் ஆகணும். முன்னால் நிற்பவர் எந்தப் பந்துக்குப் போவது, எதை விடுவது என்று ஓரளவு தானே முடிவு செய்யலாம். அடுத்து, ஜர்னைல் உடம்பால் பலசாலி. அவர் பக்கத்தில் வந்து நின்றாலே எதிரணித் தடுப்பாளர்கள் இரண்டு பேர் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் பி.கே., சுனி, பலராம் மூவரும் புகுந்துவிடலாம். மூன்றாவது, தடுப்பாளர்கள் எப்படி யோசிப்பார்கள் என்பது ஒரு தடுப்பாளருக்கு நன்றாகவே தெரியும்.

அரையிறுதியில் இந்த ஏற்பாடு வேலை செய்தது. ஆனால் சும்மா விட்டுவிடவில்லை. இந்தியா 2-0 என்று முன்னால் போக, தென் வியட்நாம் இரண்டையும் திருப்பி அடித்து 2-2 ஆக்கிவிட்டது. கேப்டன் சுனி கோஸ்வாமியின் இன்னொரு கோல்தான் காப்பாற்றியது. ஜர்னைலை முன்னால் அனுப்பினால் பின்னால் கொஞ்சம் ஓட்டை விழும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. இறுதியில் அதே ஏற்பாட்டைத் திரும்ப வைப்பதா, மாற்றுவதா? ரஹீம் திரும்ப வைத்தார். அதோடு பின்பக்கம் ஒரு ஆளை மாற்றினார்.

தங்கராஜ்

மதுரைப் பக்கம் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர் தங்கராஜ். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒருவர் ஆசியத் தங்கம் வென்ற அணியின் கோல்கீப்பர் என்று நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத் கிளப்புகளில் ஆடிவிட்டு 1953இல் ராணுவத்தில் சேர்ந்தார். சேர்ந்த இடம் மெட்ராஸ் ரெஜிமென்ட். குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிறதே, அந்த ரெஜிமென்ட் சென்டர். மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் "எங்க மாமா ரெஜிமென்ட்ல இருந்தார்" என்று சொல்லும் வீடுகள் நிறைய உண்டு. அவர்களுக்கு வெலிங்டன் என்றால் நியூசிலாந்து நினைவுக்கு வராது.

அந்த ரெஜிமென்ட் சென்டரின் கால்பந்து அணி அப்போது நாட்டிலேயே முன்னணி அணிகளில் ஒன்று. 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வாங்கியது. டூரண்ட் என்பது 1888இல் தொடங்கிய கோப்பை. ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் கண் வைக்கும் அந்தக் கோப்பையை நீலகிரி மலையிலிருந்து போன ராணுவப் பையன்கள் இரண்டு முறை தூக்கிவந்தார்கள். இரண்டு முறையும் கோலில் தங்கராஜ்.

இப்போது முக்கியமான விஷயம். ராணுவ அணிக்கு வந்தபோது தங்கராஜ் கோல்கீப்பராக வரவில்லை. சென்டர் ஃபார்வர்டாக ஆட வந்தவர். அங்கேதான் இடம் மாறி கோலுக்குப் போனார். போனவர் 1956, 1960 என்று இரண்டு ஒலிம்பிக் அணிகளிலும் இடம் பிடித்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார்.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் இந்தக் கட்டுரையே எனக்கு உருவாச்சு. அன்றைய இந்திய அணியின் இரண்டு முனைகளையும் பாருங்க. ஒரு முனையில், கோலைக் காக்க நிற்பவர், ஒரு காலத்தில் கோல் போட வந்தவர். மறு முனையில், கோல் போட நிற்பவர், வாழ்க்கை முழுக்கக் கோலைத் தடுத்தவர். இரண்டு பேருமே தங்கள் "சொந்த" இடத்தில் இல்லை.

ஜகார்த்தாவில் தங்கராஜுக்குக் காய்ச்சல். அரையிறுதியில் கோலில் நின்றது பிரத்யுத் பர்மன். இறுதிக்கு ரஹீம் தங்கராஜைத் திரும்பக் கூப்பிட்டார். ஜெயித்த அணியின் கோல்கீப்பரை மாற்றுவது எந்தப் பயிற்சியாளருக்கும் எளிதான முடிவல்ல. தங்கராஜின் உயரமே காரணம் என்பது என் கணிப்பு. ஜர்னைல் பின்னால் இல்லாதபோது, உயரமாக வரும் பந்துகளைச் சமாளிக்க ஒரு ஆள் வேண்டும். தடுப்பாளர் செய்த வேலையில் பாதியைக் கோல்கீப்பர் தலையில் வைத்தால் என்ன? ஒரு இடத்தில் எடுத்ததை இன்னொரு இடத்தில் ஈடுகட்டுவது. அவ்ளோதான் விஷயம்.

மைதானத்துக்கு வெளியே

இப்போது கூச்சல் போட்ட ஒரு லட்சம் பேருக்கு வருவோம். இந்தோனேசியா முதல் சுற்றோடு வெளியேறிவிட்டது. பிறகு இந்தியா மேல் அவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

அரசியல்தான். போட்டியை நடத்திய சுகர்னோ அரசு, இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் நுழைவு அனுமதி தரவில்லை. அரபு நாடுகளோடும் மக்கள் சீனத்தோடும் இருந்த உறவு காரணம். ஆசிய விளையாட்டு என்ற யோசனையையே முன்னெடுத்தவர்களில் ஒருவரான இந்தியர் குரு தத் சோந்தி, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினரும்கூட. உறுப்பு நாடுகளை விலக்கிவிட்டு நடத்தும் போட்டிக்கு "ஆசிய விளையாட்டு" என்ற பெயர் இருக்கக் கூடாது என்று அவர் வாதாடினார்.

சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் புதிதாகச் சுதந்திரம் வாங்கிய ஒரு நாடு, சோவியத் உதவியோடு பிரம்மாண்டமான ஒரு ஸ்டேடியத்தைக் கட்டி, முதல் முறையாக இவ்வளவு பேரை வீட்டுக்கு அழைத்திருக்கிறது. விருந்து நடுவில் ஒருத்தர் எழுந்து "இது விருந்தே இல்லை" என்றால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? செப்டம்பர் 3ஆம் தேதி, இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், ஜகார்த்தாவில் இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. சோந்தி ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். 1963 பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. சுகர்னோ அதே வருஷம் நவம்பரில் "கானிஃபோ" என்று புதிதாக எழும் நாடுகளுக்கென ஒரு தனி விளையாட்டு விழாவையே நடத்திக் காட்டினார். விளையாட்டில் அரசியல் கூடாது என்று சொல்பவர்கள் இந்த இரண்டு வருஷத்து வரலாற்றைப் படிக்கலாம்.

இதில் எதற்கும் சம்பந்தமில்லாத பதினோரு பேர் மறுநாள் செனாயன் ஸ்டேடியத்துக்குள் போனார்கள். இந்திய தேசிய கீதத்துக்கே கூட்டம் கூச்சல் போட்டது. இந்திய வீரர் காலில் பந்து வந்தால் ஊளை.

அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கத்திய ஒரு சிறு கூட்டமும் இருந்தது. பாகிஸ்தான் ஹாக்கி அணி. அதே விளையாட்டு விழாவின் ஹாக்கி இறுதியில் இந்தியாவை 2-0 என்று தோற்கடித்தவர்கள் அவர்கள்தான். இந்தியக் கால்பந்து வீரர்கள் பின்னாளில் பலமுறை நன்றியோடு சொன்ன விஷயம் இது.

அந்த ஆட்டம்

அன்றைக்கு இறங்கிய பதினோரு பேர்: கோலில் தங்கராஜ். தடுப்பில் சந்திரசேகர், அருண் கோஷ், திரிலோக் சிங். நடுவில் ஃபிராங்கோ, பிரசாந்த சின்ஹா. முன்னால் பி.கே. பானர்ஜி, யூசுஃப் கான், ஜர்னைல் சிங், கேப்டன் சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம்.

பெயர்களைத் திரும்ப ஒருமுறை படியுங்க. வங்காளம், பஞ்சாப், ஹைதராபாத், கோவா, கேரளா. சந்திரசேகர் இரிஞ்ஞாலக்குடாக்காரர். மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலிருந்து வந்த ஒரு தங்கராஜ். இவர்களுக்குப் பொதுவாக ஒரு தாய்மொழி கிடையாது. ரஹீம் சொல்லிக்கொடுத்த ஆட்டம்தான் பொது மொழி.

17ஆவது நிமிடம் பி.கே. பானர்ஜி கோல். கூட்டம் நிதானத்துக்கு வரும் முன், 20ஆவது நிமிடம் ஜர்னைல் சிங் கோல். மூன்று நிமிஷத்தில் இரண்டு. ஒன்பது நாள் முன்னால் தங்கள் கோலுக்கு முன்னால் தடுப்பாளராகப் பார்த்த ஆள், இன்று எதிரே ஃபார்வர்டாக வந்து நிற்கிறார். முதல் ஆட்டத்தை வைத்து கொரியா போட்டு வைத்திருந்த கணக்கு எதுவும் இந்த அணிக்குப் பொருந்தவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காக்க வேண்டியிருந்தது. அருண் கோஷும் மற்றவர்களும் தங்கராஜும் காத்தார்கள். 85ஆவது நிமிடத்தில்தான் கொரியா ஒன்றைத் திருப்பியது. மிச்சம் ஐந்து நிமிஷம். தாங்கிவிட்டது. 2-1.

பிறகு ஏன் மறந்தோம்?

செப்டம்பர் 4இலிருந்து எண்ணினால் 46ஆவது நாள் அக்டோபர் 20. சீனப் போர் தொடங்கிய நாள். அந்த இலையுதிர் காலத்தில் நாட்டின் செய்தித்தாள்களில், பேச்சில், மனசில் வேறு எதற்கும் இடம் இல்லை. ஒரு வெற்றி ஊர் நினைவாக மாறுவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். வரவேற்பு, பாராட்டு, பள்ளிக்கூடத்தில் பேச்சு, டீக்கடையில் திரும்பத் திரும்ப அளப்பது. ஜகார்த்தா வெற்றிக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. இது என் ஊகம். ஆனால் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி யோசிக்கக் கடினமாக இருக்கிறது.

பார்த்தவர்களும் நம்மிடம் இல்லை. சென்னையில் தொலைக்காட்சி வந்ததே 1975இல். 1983 கிரிக்கெட் உலகக் கோப்பை நம் வீட்டு நினைவாக இருப்பதில் டிவிக்குப் பெரிய பங்கு உண்டு. 1962க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, 1963 ஜூன் 11. அன்று ரஹீம் இறந்தார். தங்கம் வாங்கி ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அவர் உருவாக்கிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், வேகம் கொஞ்ச காலம் ஓடியது. 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம். அதிலும் தென்கொரியாவை 2-0 என்று ஜெயித்தார்கள். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதோடு சரி. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதன் பிறகு இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை. அந்தப் பக்கம் கொரியா 1986 முதல் ஒரு உலகக் கோப்பையையும் விடவில்லை. 2002இல் அரையிறுதி வரை போனார்கள்.

இங்கேதான் என் தொழில் புத்தி உறுத்துகிறது. ரஹீம் தன் ஆட்டக்காரர்களில் யாரும் ஒரே இடத்துக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். ஜர்னைல் போன இடத்தை அருண் கோஷ் நிரப்பினார். பர்மன் நின்ற இடத்துக்குத் தங்கராஜ் வந்தார். ஆனால் ரஹீமின் இடத்துக்கு யார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் தயாராக இல்லை. அது அவர் வேலையும் அல்ல, கால்பந்தை நிர்வகித்தவர்களின் வேலை. ஹைதராபாத்தில் வராத காலால் உதைக்கும் அந்தப் போட்டிகளை நாடு முழுக்கப் பரப்பியிருக்கலாம். எழுதிவைத்துப் பாடமாக்கியிருக்கலாம். ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது அவரோடு போய்விட்டது. தையல் போட்ட தலைக்கு வழி கண்டுபிடித்த நாடு, ரஹீம் இல்லாத நாளுக்கு வழி கண்டுபிடிக்கவில்லை.

ஜெயித்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஜர்னைல் 2000இல். தங்கராஜ் 2008இல். 2020 மார்ச்சில் பி.கே., அடுத்த மாதமே சுனி கோஸ்வாமி. கொரோனா ஊரடங்கு நாட்கள், ஊர் கூடி வழியனுப்பக்கூட முடியாத காலம். 2021இல் ஃபிராங்கோ, சந்திரசேகர். 2023 பிப்ரவரியில் பலராம்.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இன்றும் காலையில் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். முதுகில் மெஸ்ஸி, ரொனால்டோ. அதில் தப்பே இல்லை, நல்ல ஆட்டக்காரனை யாருக்கும் பிடிக்கும். ஆனால் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் வராத காலால் மட்டும் ஆட விடுங்க. கோல்கீப்பர் பையனை முன்னால் அனுப்பி, ஃபார்வர்டைக் கோலில் நிறுத்துங்க. ஏன் சார் என்று கேட்டால் தங்கராஜ் கதையையும் ஜர்னைல் கதையையும் சொல்லுங்க.

உங்க வீட்டில் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் யாராவது இருந்தால், வெலிங்டன் ஃபுட்பால் டீமைப் பற்றி இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்க. அந்த வயதுக்காரர்கள் நம்மிடம் அதிகம் பேர் மிச்சமில்லை.